கில்ட்டுக்குத் தைத்த மெல்லிய வார்

மச்சான்,

இன்று காலை ஸ்கூடாய் கடைத்தெருவில் மழையில் மாட்டிக்கொண்டேன். சீனர் மளிகைக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது, பக்கத்தில் பழைய துணி வியாபாரி ஒருவன் நனைந்த கம்பளிகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தான். சிங்கப்பூர் பட்டாளத்தார் கழித்துப் போட்டவை என்றான். ஈர ஆட்டு ரோமமும் அந்துருண்டையும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குக் கால் தரிக்கவில்லை. மழையோடு மழையாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் தங்கை பொன்னம்மா துவட்டிக்கொள்ளத் துண்டு எடுத்து வந்தவள், என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கும் அந்த நாற்றம் தெரியும்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. சாவு வீட்டில் எல்லாரும் உன் குடியைப் பற்றியும் கோபத்தைப் பற்றியும் பேசினார்கள். கெலாங் பாத்தா அன்னாசித் தோட்டத்தில் உன்னோடு வேலை பார்த்தவர்களுக்கு உன்னைக் குளிப்பாட்டுகிறவரை அதற்கு முந்திய கதை தெரியாது. உனக்கே தெரிந்த கதையை உனக்கு எழுதுவது கிறுக்குத்தனம்தான். ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நாம் செடெனாக்கிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். பெரிய துரை ஸ்காட்லாந்துக்காரர். வெள்ளைக்காரர் சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பியவர். சாயங்காலம் பங்களா வாசலில் நின்று ஒரு தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குழல் ஊதுவார். ஊரில் கூத்துக்காரர் பின்னால் நின்று ஊதும் துருத்தியைப் போல அது விடாமல் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கும். மாரியம்மன் திருவிழாவில் நீ தப்பு அடித்ததை அவர் ஒரு தடவை குதிரைமேல் உட்கார்ந்தபடியே பார்த்தார். அடுத்த வாரம் ஆள் வந்தது. அவர் ஊர்ப் பண்டிகைக்குப் பல தோட்டத்துத் துரைமார் பங்களாவில் கூடப் போகிறார்களாம், குழல் ஊதுகிறவர்களோடு மேளம் அடிக்க இரண்டு பேர் வேண்டுமாம். உனக்குப் பெரிய மேளம். உன்னோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிந்ததால் எனக்குச் சின்ன மேளம்.

மேளம் மட்டும் என்றால் சரி. துரை ஒரு தகரப்பெட்டியைத் திறந்து கோட்டுகளையும், கில்ட்டு என்ற அந்த உடுப்பையும் எடுத்தார். இடுப்பைச் சுற்றி முழங்கால்வரை விழுகிற கம்பளி, பின்பக்கம் முழுதும் கொசுவம் வைத்துத் தைத்தது, கட்டம் போட்ட பச்சையும் நீலமும். கையில் வாங்கியபோது அதே அந்துருண்டை நாற்றத்தோடு ஈரச் சாக்கு மாதிரி கனத்தது.

“என்னா மாப்ள இது, பொம்பள பாவாடையா?” என்று காதோரம் கேட்டாய்.

“அவங்க ஊரு ஆம்பள உடுப்பாம், மச்சான்.”

“நம்மூரு வெயில்ல இத கட்டுனா அவிஞ்சி போயிருவோம்லா.”

அவை பட்டாளத்துக் கில்ட்டுகள். வயிறு பெருத்த வெள்ளைக்காரருக்குத் தைத்தவை. இடுப்புப் பக்கத்துத் தோல் வாரைக் கடைசி ஓட்டைவரை இழுத்து மாட்டினாலும் நம் இடுப்பில் நிற்கவில்லை. வார் மேல் ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டினோம். அது வயிற்றை அறுத்தது. மூச்சை இழுத்து மேளத்தை ஓங்கினால் கயிறு நழுவியது.

முதல் ஒத்திகையிலேயே உன் கில்ட்டு அவிழ்ந்து விழுந்தது. பெரிய துரை உள்ளே போயிருந்த நேரம். பங்களாப் புல்வெளியில் சின்ன துரை நின்றிருந்தான். இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகாத, மீசை சரியாக முளைக்காத பையன். அவனோடு பெரிய கங்காணி, கணக்கெழுதுகிற கிராணி, தோட்டக்காரர்கள். நீ மேளத்தைக் கழுத்தில் மாட்டியிருந்ததால் குனிந்து எடுக்கவும் முடியவில்லை. கோவணத்தோடு நின்றாய். சின்ன துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்ததும் எல்லாருக்கும் சிரிக்க அனுமதி கிடைத்துவிட்டது. குளியல் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

பெரிய கங்காணி வந்து உன் தொடையில் உதைத்தார். “தொரை குடுத்த உடுப்ப மண்ணுல போடுறியாடா? எடுடா!” மேளத்தோடு சேர்ந்து விழுந்தாய். மறுபடி உதைத்தார். நான் ஓடிவந்து கில்ட்டை எடுத்து உன்மேல் போட்டேன். எனக்கும் ஒன்று விழுந்தது.

அன்று கூலிகள் குடியிருக்கிற லயத்துக்குத் திரும்பும்போது நீ உதையைப் பற்றிப் பேசவே இல்லை. “சிரிச்சாங்க பாத்தியா” என்று மட்டும் சொன்னாய். கொஞ்ச தூரம் நடந்ததும் மறுபடி, “அந்தப் பொம்பளைங்களும் சிரிச்சாங்க.”

மறுநாள் பெரிய துரை விஷயத்தைக் கேள்விப்பட்டு நம்மைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. தன் கோட்டைத் தூக்கிக் காட்டினார். அவர் கட்டியிருந்த கில்ட்டும் இடுப்பை நம்பி நிற்கவில்லை. இரண்டு வார்கள் தோள்மேல் ஏறி, முன்னாலும் பின்னாலும் கில்ட்டின் விளிம்பில் பொத்தான்களில் மாட்டியிருந்தன. தோட்டக்காட்டுத் துரைமார் பேசுகிற தமிழில் சொன்னார்: “காய்ச்சல் வந்து நான் இளைச்சுப் போச்சு. இடுப்பு புடிக்காது. தோள் புடிக்கும். வயிறு இறுக்க வேணாம், மூச்சு நல்லா வரும். மடிப்பு நேரா விழும், முட்டி நடுவில நிக்கும். பாரு.” பெருமையாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அந்த நேரத்தில் அவர் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். ஒரு துணிவாரைக் கொடுத்து, இதே மாதிரி தைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்.

நாம் ஒத்திகைக்குப் போன நாட்களில் உனக்கு ஒதுக்கிய வரிசை மரங்களைக் கங்காணியின் மைத்துனன் வெட்டினான். அவசரக்காரன். உளியை ஆழமாக இறக்கி மரத்துக்கு மரம் காயம் வைத்துவிட்டுப் போயிருந்தான். சின்ன துரை பார்வையிட வந்தபோது அந்தக் காயங்கள் உன் பேரில் நின்றன.

விடிகாலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும் உன் பேரைக் கூப்பிட்டார்கள். “நான் வெட்டலீங்க, நான் மேளத்துக்குப் போயிருந்தேன், பெரிய தொரைக்கே தெரியும்” என்றாய். சின்ன துரைக்கு அவ்வளவு தமிழ் தெரியாது. கங்காணி மொழிபெயர்த்தார். என்ன சொன்னாரோ, அந்தப் பையன் முகம் சிவந்தது. கையிலிருந்த ரோத்தான் பிரம்பைக் கங்காணியிடம் நீட்டினான்.

இரண்டு பேர் உன்னை நெல்லி மரத்தைக் கட்டிப்பிடிக்கச் செய்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பேரும் நம் லயத்துக்காரர்கள்தான். பிரம்பு காற்றைக் கிழிக்கும் சத்தம் முதலில் வரும், தோலில் படும் சத்தம் பிறகு வரும். “மரத்துக்குக் காயம் வச்சா ஒனக்கும் காயம்!” என்று ஒவ்வோர் அடிக்கும் கங்காணி சொல்லிக்கொண்டே அடித்தார். முதலில் வெள்ளைக் கோடுகளாக எழும்பின. அப்புறம் சிவந்தன. அப்புறம் ஒரு கோடும் தனியாகத் தெரியவில்லை. நீ கத்துவாய் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நீ மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாய். விட்டபோது உன் பல்லிடுக்கில் பட்டை இருந்தது. பொன்னம்மா முன்னால் பாய்ந்தாள், நான் அவள் இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன். என் கையில் அவள் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. நான் அவளை விட்டிருந்தால் அவளையும் அடித்திருப்பார்கள்.

அன்று மாலையே நீ பெரிய துரையிடம் போனாய். நானும் வந்தேன். அவர் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொரை, என் மேல தப்பில்லீங்க. அநியாயமா அடிச்சிட்டாங்க.”

பேப்பர் தாழவில்லை. “சின்ன தொரைகிட்ட சொல்லு.”

“அவருதாங்க அடிக்கச் சொன்னாரு.”

“அப்ப கங்காணிகிட்ட சொல்லு.”

“கங்காணிதாங்க அடிச்சாரு. சட்டைய கழட்டிக் காட்டட்டுங்களா?”

“வேணாம்.” சட்டென்று சொன்னார். அப்புறம் கொஞ்சம் மெதுவாக, “சனிக்கெழம மேளம். மறக்காதே” என்றார்.

அவருக்குத் தெரியும், மச்சான். பார்த்துவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும் என்றுதான் அவர் பார்க்கவில்லை. நீ அதை அந்த வராந்தாவிலேயே புரிந்துகொண்டாய். எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

பொன்னம்மா வார் தைக்க உட்கார்ந்தாள். எனக்கு ஒரு ஜோடி முடித்துவிட்டாள். மாவுச் சாக்குத் துணியை மடித்து உள்ளே கித்தான் வைத்து, கை அகலத்துக்கு நல்ல பலமான வார். உன் ஜோடிக்கு வந்தபோது அவள் அழுதுகொண்டே இலவம் பஞ்சை எடுத்தாள். “அண்ணே, ஒனக்கு வாருக்கு உள்ள பஞ்சு வச்சி அகலமா தச்சித் தரேன். புண்ணு மேல ஒரசாது.”

“பஞ்சு வேணாம்” என்றாய்.

“எப்புடிண்ணே தாங்குவ? மேளத்து வாரு வேற மேல வரும்.”

“மெல்லிசா தை. ரெண்டு வெரல் அகலம் போதும். ஆனா அறுந்து போகக் கூடாது. பொத்தான் புடுங்கிக்கிட்டு வரக் கூடாது.”

“மெல்லிசா இருந்தா புண்ணுக்குள்ள எறங்கிரும்ண்ணே!”

நீ அவள் கையிலிருந்த பஞ்சை வாங்கிக் கீழே வைத்தாய். “பொன்னு, அகலமா தச்சா காயம் மறஞ்சிரும்.”

அவள் ஊசியை நிறுத்தி உன்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பண்டிகைக்குக் கூலிகளின் முறையீடுகளைக் கேட்கிற சர்க்கார் அதிகாரி துரையும் வருகிறார் என்று கிராணி பெருமையடித்துக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்துக்கு விசாரணைக்கு வருகிற நாளெல்லாம் அடிபட்டவர்களை மலைக்காட்டுப் பக்கம் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த முறை மேளம் அடிக்கிறவனை எங்கும் அனுப்ப முடியாது.

“கோட்டக் கழட்டப் போறியா?” என்று கேட்டேன்.

“பாக்க மாட்டேன்னாருல்ல. அத்தன பேரு முன்னாடி பாக்கட்டும்.”

“கொன்னுருவாங்க மச்சான்.”

“கில்ட்டு அவுந்து விழுந்தா சிரிச்சிருவாங்க, மாப்ள. சிரிச்சிட்டா முதுக எவனும் பாக்க மாட்டான். அது விழாம நின்னா போதும்.” பொன்னம்மாவைப் பார்த்து, “அவ்ளோதாம்மா ஒங்கிட்ட நான் கேக்குறது” என்றாய்.

அவள் மீன்வலை பின்னுகிற மெழுகு நூலைச் சீனர் கடையில் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். கில்ட்டின் மேல்பட்டையில் கம்பளியோடு உள்ளே இருக்கிற கித்தானையும் சேர்த்துக் குத்தி ஒவ்வொரு பொத்தானாகத் தைத்தாள். முன்னால் இரண்டு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. ஒவ்வொன்றையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். உன்னைக் குதிக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள், மூச்சை இழுத்துக் கையை ஓங்கச் சொன்னாள். கில்ட்டு முழங்கால் நடுவில் ஆடாமல் நின்றது. கோட்டுப் போட்டதும் நீ ஒரு நல்ல பட்டாளத்தான் மாதிரி இருந்தாய். அதை அவள் சொல்லி அழுதாள்.

சனிக்கிழமை மூன்று மணி வெயில். புல்வெளியில் துரைமார், துரைசானிகள், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், சீனச் சமையல்காரன் ஓடிக்கொண்டிருந்தான். கங்காணி தலைப்பாகையோடு ஓரத்தில் தன் ஆட்களை நிறுத்தி வைத்திருந்தார். நாம் வட்டமாக நின்றோம். மூன்று குழல், இரண்டு மேளம். பெரிய துரை காலால் தாளம் போட்டுத் தொடங்கினார்.

நீ அன்று அடித்த மாதிரி எப்போதும் அடித்ததில்லை. ஒவ்வொரு முறை கை ஓங்கும்போதும் உன் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கோட்டின் முதுகில் ஈரம் படர்ந்தது. மற்றவர்கள் வியர்வை என்று நினைத்திருப்பார்கள். முதல் பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். சின்ன துரைகூடக் கைதட்டினான்.

நீ மேளத்தைக் கழுத்திலிருந்து எடுத்துப் புல்லில் வைத்தாய். கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாய். வெயில் தாங்காமல் கழற்றுகிறான் என்று நினைத்து ஒரு துரைசானி புன்னகைத்தார். கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. நீ அதை உரித்து எடுத்தாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளே சட்டை இல்லை. நீ திரும்பி நின்றாய்.

கில்ட்டு அசையவில்லை. அதிலிருந்து இரண்டு மெல்லிய வார்கள் தோளுக்கு ஏறின. அவற்றுக்கு இரண்டு பக்கமும், நடுவிலும், உன் முதுகு இருந்தது. முதுகு என்று சொல்ல முடியாது. வெட்டி வெயிலில் போட்ட இறைச்சி. வார் அழுத்திய இடத்தில் புதிதாக ரத்தம் இறங்கிக் கில்ட்டின் பட்டையில் ஊறியது.

யாரும் சிரிக்கவில்லை. புன்னகைத்த துரைசானி வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார். நீ அந்தச் சர்க்கார் அதிகாரி உட்கார்ந்திருந்த மேசைப் பக்கமாக முதுகைக் காட்டியபடி உரக்கச் சொன்னாய்: “இது கங்காணி அடிச்சது. சின்ன தொரை சொல்லி அடிச்சது. பெரிய தொரை பாக்க மாட்டேன்னாரு. நீங்க பாருங்க!”

சின்ன துரை ஓடிவந்தான். உன் முதுகில் இருந்த வார்களை இரண்டையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, முரட்டு மாட்டை இழுப்பதுபோல் இழுத்தான். வார் புண்ணுக்குள் இறங்கியது. பொன்னம்மாவின் பொத்தான் ஒன்றும் விடவில்லை. அவன் இழுக்க இழுக்க நீ பின்னால் வளைந்தாய். அப்போதுதான் முதல்முறையாக நீ கத்தினாய். மரத்தைக் கட்டிப்பிடிக்கவைத்து அடித்தபோது வராத சத்தம் அது.

அப்படியே திரும்பி, மேளத்தின் மேல் கிடந்த கட்டையை எடுத்து அவன் வாயில் அடித்தாய். பல் உடைந்தது எனக்குத் தெரிந்தது. அவன் கையிலேயே துப்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் சின்னப் பிள்ளை மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீ மறுபடி அடித்தாய். விழுந்தான். விழுந்தவன் மேலும் அடித்தாய். தலையைக் கையால் மூடிக்கொண்டு சுருண்டு, “மம்மி, மம்மி” என்று கத்தினான். நீ நிறுத்தவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன், மச்சான். அது கோபம் இல்லை. திருவிழாவில் தப்பு உச்சத்துக்குப் போகும்போது உன் முகத்தில் வருமே, அந்த முகம். உனக்காக உயிரை விடுவேன் என்று நினைத்திருந்த எனக்கு அந்த ஒரு நொடி உன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அதற்குள் கங்காணியின் ஆட்கள் கம்போடு பாய்ந்தார்கள். உன் வலது கையில் விழுந்த முதல் அடியிலேயே எலும்பு முறிந்தது. நான் சின்ன மேளத்தை வாரோடு சுழற்றிக் கங்காணி முகத்தில் விட்டேன். அதன் இரும்பு வளையம் அவர் புருவத்தைப் பிளந்தது. அடுத்த கணம் என் இடது காதில் ஒரு கம்பு இறங்கியது. உலகம் முழுவதும் ஒரே விசிலாக மாறிவிட்டது. புல்லில் கிடந்தபடி பார்த்தேன். உன்னை ஐந்தாறு பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய துரை நின்ற இடத்திலேயே நின்றார். அவர் அக்குளில் இருந்த தோல்பையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஊதாமலே குழல் மெதுவாக முனகிக்கொண்டிருந்தது.

சர்க்கார் அதிகாரிதான் எழுந்து வந்து அவர்களை விலக்கினார். இல்லையென்றால் அங்கேயே உன்னை முடித்திருப்பார்கள்.

ஜோகூர் பாருவுக்கு உன்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கங்காணியை அடித்த என்னைத் தோட்டத்தை விட்டுத் துரத்தியதோடு விட்டார்கள்; அன்று இரவே எனக்கும் பொன்னம்மாவுக்கும் லயத்தில் இடமில்லை. சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். லாக்கப்பில் மாத்தாக்கள், அந்தப் போலீஸ்காரர்கள், உன்னை மறுபடி அடித்தார்கள், முறிந்த கையோடு. தூக்குப் போட்டுக்கொள்வாய் என்று தோள்வாரைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கோர்ட்டு வராந்தாவில் உன்னைக் கொண்டுவந்தபோது இடது கையால் கில்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பொன்னம்மா ஒரு வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காவலாளியிடம் மலாயில் கெஞ்சினாள். அவன் வயதானவன். அதை வாங்கித் தானே உன் இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டான்.

துரையை அடித்ததற்கு உனக்கு ஜெயில். அந்த அதிகாரி உன் முதுகைப் பற்றிக் கோர்ட்டில் சொன்னதால் தண்டனை குறைந்தது என்றார்கள். சின்ன துரை வாய்க்கட்டோடு கப்பல் ஏறினான். கங்காணி அதே தோட்டத்தில்தான் இருந்தார், புருவத்தில் தழும்போடு. ஆனால் பெரட்டுக்கு வரும்போது அவர் கையில் ரோத்தான் இல்லை என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொன்னார்கள். எவ்வளவு நாளுக்கு என்று எனக்குத் தெரியாது.

நீ வெளியே வந்த அன்று ஜெயில் வாசலில் நின்றிருந்தோம். பாதி ஆளாக வந்தாய். வலது கை கோணலாக ஒட்டியிருந்தது. இனி அந்தக் கையால் உளியும் பிடிக்க முடியாது, மேளக் கட்டையும் பிடிக்க முடியாது. தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு நீ கேட்ட முதல் கேள்வி, “அன்னிக்கி ஒருத்தனும் சிரிக்கலல்ல, மாப்ள?”

“ஒருத்தனும் சிரிக்கல மச்சான்.”

தலையாட்டினாய். அதற்குப் பிறகு சாலையோரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாய்.

எந்த ரப்பர் தோட்டத்திலும் உன்னைச் சேர்க்கவில்லை. உன் பேர் உனக்கு முன்னால் போய்விட்டது. கடைசியில் கெலாங் பாத்தாவில் ஒரு சீனத் தவுக்கே, தோட்ட முதலாளி, இடது கையால் களை பிடுங்க வைத்துக்கொண்டார். குடித்தாய். குடித்தால் அடித்தாய். பொன்னம்மாமேல்கூட ஒரு தடவை கை ஓங்கினாய், நான் உன்னைத் தள்ளிவிட்டேன். அது வேறு யாருக்கும் தெரியாது. உன்னை நல்லவனாக மட்டும் நினைத்துக்கொண்டிருக்க எனக்கு ஆசைதான். ஆனால் உன் கைக்குள் இறங்கியது அப்புறம் வெளியே போகவே இல்லை.

கடைசி நாட்களில், மூத்திரத்தில் ரத்தம் போய் நீ படுத்திருந்தபோது, ஒரு பகல் என்னைக் கிட்டக் கூப்பிட்டாய். “அவன் அம்மாவ கூப்ட்டான், மாப்ள.”

“யாரு?”

“அந்தச் சின்ன தொரை. மம்மி மம்மின்னு. நான் நிறுத்தியிருக்கலாம்லா. முதுகக் காட்டுனதோட நின்னிருக்கலாம்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். “காட்டுனது சரி. அடிச்சதும் சரின்னுதான் இம்புட்டு நாளு நெனச்சேன். இப்ப அந்தச் சத்தம் மட்டும் கேக்குது.”

அவன் உன்னை அடிக்கச் சொன்னவன் என்று சொல்லலாம். உனக்கு அது தெரியாததா? உன் கோணல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளில் போய்விட்டாய். குளிப்பாட்டும்போது உன்னைப் புரட்டிப் போட்ட அன்னாசித் தோட்டத்து ஆட்கள் முதுகைப் பார்த்துத் திகைத்தார்கள். “யாரு அடிச்சது?” என்று ஒருவன் கேட்டான். பொன்னம்மா எல்லாவற்றையும் சொன்னாள். உட்காராமல், அழாமல், நின்றபடியே சொன்னாள்.

எனக்கு என்ன மிச்சம் என்று கேட்பாய். இந்த இடது காதுதான். அன்று போனது போனதுதான், ஒன்றும் கேட்காது. இப்போது நான் வேலை பார்க்கும் மரக்கிடங்கில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். கெட்ட காரியங்களை அவர் எப்போதும் மெதுவாகத்தான் சொல்வார், வாயைக் கோணிக்கொண்டு, பக்கத்தில் வந்து. போன வாரம் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டி என் இடது பக்கம் வந்து ஏதோ சொன்னார். நான் வலது காதைத் திருப்பி, எனக்கு வருகிற பெரிய குரலில், “கேக்கல மேஸ்திரி, என்னா செய்யணும் அந்தப் பொண்ண? சத்தமா சொல்லுங்க!” என்றேன். மரம் அறுப்பதை நிறுத்திவிட்டு எல்லாரும் திரும்பினார்கள். அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார். “ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போகச் சொல்லு” என்றார்.

அந்தப் பெண் போன பிறகும் நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கையில் கம்போ கட்டையோ ஒன்றும் இல்லை, மச்சான். அதை அவரும் பார்த்தார்.